எழுத்தே உருவாகும்போது: சித்திரகவி, ஓவியர் நூல், சேகரிப்பு – ஜொகூரை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

எழுத்தைப் பொருளுக்காக வாசிப்பதும் வடிவத்துக்காகக் காண்பதும் இருவேறு செயல்கள் என்று கருதியே நாம் பழகியிருக்கிறோம். முன்னது இலக்கியத் துறைக்கும் பின்னது ஓவியத் துறைக்கும் உரியவை எனப் பாடத்திட்டங்களும் அவற்றைப் பிரித்துவைத்துள்ளன. எழுத்தையே ஊடகமாகக் கொண்ட கலைப்படைப்புகளும், அச்சோவியங்களும், ஓவியர்கள் தாமே உருவாக்கிய நூல்களும் இப்பிரிவினைக்குள் அடங்குவதில்லை. இவற்றில் சொல் என்ன கூறுகிறது என்பதோடு, அது எங்கே, எந்த அளவில், எந்தத் தாளில் நிற்கிறது என்பதும் பொருளின் பகுதியாகிறது. ஓவியர் நூல் என இக்கட்டுரையில் நாம் சுட்டுவது ஓவியரைப் பற்றிய நூலையன்று; ஓவியங்கள் இடம்பெற்ற நூலையும் அன்று. நூல் என்னும் அமைப்பே கலைப்படைப்பாக ஆக்கப்பட்டதையே அத்தொடரால் குறிக்கிறோம்.

இத்தகைய படைப்புகளைச் சேகரிப்பது என்றால் என்ன? சொற்களைப் பிழையின்றிப் படியெடுத்தால் போதுமா, அன்றி அவை நின்ற தாளையும் காக்க வேண்டுமா? தமிழாய்வுலகம் இதுவரை பெரும்பாலும் முதல் வழியையே மேற்கொண்டு வந்துள்ளது. பழைய நூல் கிடைத்தால் அதன் பாடத்தைப் புதிய அச்சில் பதிப்பிக்கிறோம். பின்னர் மூலப்படியைப் பற்றிய கவலை குறைந்துவிடுகிறது. எழுத்து உருவாகவும் அமையும் படைப்புகளுக்கு இம்முறை பொருந்தாது என்பதும், ஜொகூர் மாநிலத் தமிழரின் அச்சு, கையெழுத்துச் சான்றுகளைப் பொறுத்தவரை இது உடனடிக் கவனத்துக்குரியது என்பதும் நம் கருத்து. சித்திரகவி மரபையும் யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனனின் நூல் ஒன்றையும் அருகருகே வைத்து இக்கருத்தை ஆராய முற்படுகிறோம்.

கருத்துநிலைக் கலையில் எழுத்தின் இடம்

1960களில் மேலைநாடுகளில் உருப்பெற்ற கருத்துநிலைக் கலை, படைப்பின் உயிர் அதன் கருத்தில் இருக்கிறது என்றும், அக்கருத்தை நிறைவேற்றும் பொருள் இரண்டாவதே என்றும் வாதிட்டது. அமெரிக்கக் கலைஞர் சோல் லூவிட் 1967இல் எழுதிய கட்டுரை இக்கொள்கைக்கு அடிப்படை ஆவணமாகக் கொள்ளப்படுகிறது. கருத்தே முதன்மையானால் அதைத் தாங்க எழுத்து போதும். ஆகவே அறிவுறுத்தல், பட்டியல், வரையறை, அறிக்கை ஆகியன கலையின் வடிவங்களாயின. எட் ருஷே 1963இல் 'இருபத்தாறு பெட்ரோல் நிலையங்கள்' என்னும் சிறு நூலை வெளியிட்டார். முதற்பதிப்பு 400 படிகள் மட்டுமே. தலைப்பு கூறுவதற்கு மேல் அந்நூல் எதையும் கூறுவதில்லை. தலைப்பும் வரிசையாக வைக்கப்பட்ட படங்களுமே அதன் முழுப்பொருள்.

இவ்வகை நூல்கள் மலிவாக, எவரும் வாங்கத்தக்கனவாக இருக்க வேண்டும் என்பதே அக்கலைஞர்களின் நோக்கமாக இருந்தது. 1976இல் நியூயார்க்கில் லூவிட், லூசி லிப்பார்ட் முதலியோர் இணைந்து தொடங்கிய 'பிரின்டட் மேட்டர்' என்னும் அமைப்பு, ஓவியர் நூல்களைப் பரப்புவதற்காகவே எழுந்தது. பிற்காலத்தில் நிகழ்ந்தது வேறு. அன்று சில டாலருக்குக் கிடைத்த நூல்களின் முதற்பதிப்புகள் இன்று அரும்பொருள் சந்தையில் பெருவிலை பெறுகின்றன. பொருளை மறுக்க எழுந்த கலை, பொருளாகவே சேகரிக்கப்படுகிறது. இதனைப் போலித்தனம் என்று ஒதுக்கிவிட இயலாது. கருத்தைத் தாங்கிய தாள் அழிந்தால் கருத்தும் செவிவழிச் செய்தியாகச் சுருங்கிவிடும் என்பதையே இம்மாற்றம் உணர்த்துகிறது.

மலேசியாவிலேயே இதற்குத் தக்க சான்று உண்டு. 1974இல் ரெட்சா பியாடாசாவும் சுலைமான் ஈசாவும் கோலாலம்பூரில் டேவான் பகாசா டான் புஸ்தாக்கா வளாகத்தில் ஒரு காட்சியை நடத்தினர். அதன் தலைப்பை 'மறைபொருள் மெய்ம்மையை நோக்கி' எனத் தமிழாக்கலாம். வெறும் பறவைக்கூடு, அருந்தி எஞ்சிய குளிர்பானப் புட்டிகள், எரிந்து தீர்ந்த கொசுவத்திச் சுருள் முதலிய அன்றாடப் பொருள்களே அங்கு வைக்கப்பட்டன. கூட்டின் அருகிலிருந்த குறிப்பு, பறவை விடுவிக்கப்பட்ட நாளையும் நேரத்தையும் கூறியது. அக்குறிப்பு இல்லையேல் அது வெறுங்கூடு. குறிப்பு இருப்பதால், பறந்துபோன பறவையின் நேரத்தைத் தாங்கிய கூடு. மேற்கத்தியக் கலைநோக்கிலிருந்து விலகி ஆசியச் சிந்தனை மரபுகளின் வழி பொருள்களைக் காணவேண்டும் என்று அவர்கள் விரிவான அறிக்கை ஒன்றையும் அச்சிட்டளித்தனர். மலேசியக் கலை வரலாற்றில் அக்காட்சி இன்றுவரை விவாதிக்கப்படுவதற்கு அவ்வறிக்கையே பெருங்காரணம் எனலாம்.

சித்திரகவி: வாசிக்கவும் காணவும்

எழுத்தை உருவாக்கும் கலை தமிழுக்குப் புதிதன்று. தண்டியலங்காரத்தின் சொல்லணியியல், கோமூத்திரி, மாலைமாற்று, நாகபந்தம், சக்கரம், சுழிகுளம், சருப்பதோபத்திரம் முதலியவற்றுக்கு இலக்கணம் கூறுகிறது. பின்வந்த மாறனலங்காரம் இவற்றை மேலும் விரித்தது. நாகபந்தத்தில் இரண்டு பாம்புகள் பின்னிக் கிடப்பதாக உரு வரையப்படும். ஒவ்வொரு பாம்பின் உடலிலும் ஒரு வெண்பா ஓடும். உடல்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் நிற்கும் எழுத்து, செல்லும் வழிகள் அனைத்துக்கும் பொதுவாக இருத்தல் வேண்டும். சருப்பதோபத்திரத்தில் எட்டெழுத்துக் கொண்ட நான்கடிகளை, மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் அறுபத்து நான்கு கட்டங்களில் நிரப்பினால், எத்திசையில் படித்தாலும் அதே பாடல் கிடைக்கும்.

இவற்றைச் சொல்விளையாட்டு என்றும், கவிச்சுவை குன்றியவை என்றும் திறனாய்வாளர் பலர் ஒதுக்கியுள்ளனர். ஒலியாகவும் பொருளாகவும் மட்டும் மதிப்பிட்டால் அம்முடிவு ஓரளவு நியாயமே. ஆனால் நாகபந்தத்தின் இரண்டு வெண்பாக்களை நான்கு நான்கு அடிகளாக அடுக்கி அச்சிட்டுவிட்டு, இதில் கவிதை எங்கே என்று வினவுவது முறையாகாது. அங்கு நாம் படிப்பது படைப்பின் பாதியே. வெட்டும் இடத்தில் ஓர் எழுத்து இருபுறமும் கடமையாற்றுவதைக் கண் காணும்போதுதான் மற்றப் பாதி நிறைவேறுகிறது. பாம்பன் குமரகுருதாச சுவாமிகளின் சஸ்திரபந்தத்தை வேல் வடிவில் எழுதிப் பூசையறையில் வைத்து வழிபடும் அடியார்கள், அப்பாடலை உருவிலிருந்து பிரிக்காமலே பெற்றுள்ளனர். இவ்வகையில் அவர்களின் வழக்கம் நம் பதிப்பு முறையைவிடப் படைப்பின் இயல்புக்கு நெருக்கமானது.

இம்மரபு கடல் கடந்து நம் வாயிலுக்கே வந்த வரலாறும் உண்டு. யாழ்ப்பாணத்து வண்ணை நகரைச் சேர்ந்த சதாசிவ பண்டிதர் 1887இல் சிங்கப்பூரில் சிற்றிலக்கியங்களை அச்சிட்டு வெளியிட்டார். வண்ணையந்தாதி, வண்ணைநகர் ஊஞ்சல், சிங்கைநகர் அந்தாதி ஆகியவற்றோடு சித்திரகவிகளும் அவற்றுள் அடங்கும். அப்போது ஜொகூர் நீரிணைக்குப் பாலம் இல்லை. தஞ்சோங் புத்ரி என வழங்கிய ஊர் ஜொகூர் பாரு என 1866இல் பெயர் மாற்றம் பெற்று இருபத்தோராண்டுகளே ஆகியிருந்தன. இவ்வட்டாரத்தின் தமிழ் அச்சு வரலாற்றில் தொடக்கநிலையிலேயே எழுத்தை உருவாக்கும் படைப்புகள் இடம்பெற்றுவிட்டன என்பது குறிப்பிடத்தக்கது. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழிலக்கிய வரலாறுகள் இந்நூலை முதன்மைக்காகவும் பத்திமைக்காகவும் போற்றுகின்றன. அச்சுக்கோப்பாளர் ஒருவர் ஈய எழுத்துகளைக் கொண்டு கவியின் உருவமைப்பை எவ்வாறு எதிர்கொண்டார் என்னும் கேள்வி, அக்கால அச்சுக்கலையை ஆராய்வோருக்கு உரியது. அதற்கு விடை காண மறுபதிப்பு உதவாது. மூல அச்சுப்படியோ அதன் ஒளிப்படியோ வேண்டும்.

வாசிக்க இயலாத எழுத்து

சித்திரகவியில் எழுத்தை வாசித்தே உருவைக் காண வேண்டும். இதற்கு நேர்மாறான வழியில் சென்றவர் கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977). சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வராகவும், 1966இல் தோன்றிய சோழமண்டல ஓவியர் கிராமத்தின் நிறுவனராகவும் அறியப்பட்ட அவர், 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசையைப் படைத்தார். சாதகக் கட்டங்களையும் கணக்குக் குறிகளையும் நினைவூட்டும் அமைப்புகளுக்கு நடுவே, எழுத்துப்போல் தோன்றும் வரிகள் நெருங்கி நிற்கும். அவற்றை வாசிக்க முயல்வோருக்குச் சொல் எதுவும் கிட்டாது. ஏட்டையும் சாதகத்தையும் பார்த்துப் பழகிய கண், பொருளை அறியாமலே 'இது எழுத்து' என்று உணரும் அக்கணமே அவர் நாடியது.

சித்திரகவியில் சொல்லின் பொருள் உருவுக்கு அடிப்படை. பணிக்கரில் பொருள் விலக்கப்பட்டு உரு மட்டும் நிற்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவது வழியொன்று உண்டா? எழுத்தைப் பொருளோடு வாசிக்கவும் வேண்டும், அது எழுதப்பட்ட கையின் தடத்தையும் காணவும் வேண்டும் என்னும் நிலை அது. சனாதனனின் நூல் அவ்வழியில் அமைந்தது.

'முழுமையுறாத தோம்பு': ஒரு மதிப்பீடு

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பிப்பவரான தாமோதரம்பிள்ளை சனாதனன், 2011இல் வெளியிட்ட ஓவியர் நூலின் தலைப்பை 'முழுமையுறாத தோம்பு' எனத் தமிழில் தரலாம். ஷர்மினி பெரேரா நடத்திய 'ரேக்கிங் லீவ்ஸ்' பதிப்பகம் அதனை வெளியிட்டது. தோம்பு என்பது போர்த்துக்கேயர் காலத்தில் தோன்றி ஒல்லாந்தர் காலத்தில் விரிவடைந்த நிலப்பதிவேடு. யாருடைய நிலம், எவ்வளவு, அதில் நிற்கும் பயன்மரங்கள் எவை என்பனவற்றை அரசு வரிக்காகக் குறித்துவைத்தது. யாழ்ப்பாணத்து வழக்கில் அச்சொல் இன்றும் அந்நியமன்று.

போரினால் வீடிழந்து இடம்பெயர்ந்த வட இலங்கைத் தமிழ்பேசும் மக்கள், தாம் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தந்தவை இந்நூலின் அடிப்படை. அவர்தம் கூற்றுகள், அவர்களே வரைந்த படம், அதனைக் கட்டடக் கலைஞர் அளவுமுறைப்படி மாற்றி வரைந்த படம், ஓவியர் தாம் தீட்டிய ஓவியம் என ஒரே வீடு பலமுறை நம்முன் தோன்றுகிறது. நூலின் அமைப்பு அலுவலகக் கோப்பை நினைவூட்டுகிறது. அரசின் பதிவுமுறையை எடுத்துக்கொண்டு, அரசு ஒருபோதும் பதியாததைப் பதிகிறார் ஓவியர்.

நினைவிலிருந்து வரைபவருக்கு அளவுகோல் இல்லை. பெரிதாக நினைவில் நிற்கும் பகுதி பெரிதாகவும், மறந்தது சிறிதாகவும் அமைந்துவிடும். தரைப்படம் ஒன்றில் கிணறு என்றோ சாமியறை என்றோ எழுதப்படும் சொல், அவ்விடத்தில் பெயர்ச்சொல்லாக மட்டும் நிற்பதில்லை. இல்லாத ஒன்றின் இடத்தைப் பிடித்துவைக்கிறது. கட்டடக் கலைஞரின் படத்தில் கோடுகள் நேராகின்றன, சுவர்கள் ஒழுங்குபெறுகின்றன. தெளிவு மிகுகிறது, ஆனால் வரைந்தவரின் கை மறைகிறது. ஓவியரின் படத்திலோ வீட்டின் அளவு மறைந்து, இழப்பின் உணர்வு உருவெடுக்கிறது. ஒவ்வொரு படியெடுப்பிலும் ஒன்று கிடைக்கிறது, ஒன்று தொலைகிறது. எந்தப் படியையும் மற்றொன்றுக்காகக் கைவிடாமல் அனைத்தையும் அருகருகே வைத்ததே இந்நூலின் தலையாய சிறப்பு என்று நாம் கருதுகிறோம்.

இவ்விடத்தில் இந்நூல் தமிழ்ப் பதிப்புலகுக்கும் ஒரு பாடத்தைக் கற்பிக்கிறது. நாம் தெளிவான படியொன்றை ஆக்கியதும் நடுங்கும் கோட்டை ஒதுக்கிவிடுகிறோம். சனாதனன் நடுங்கும் கோட்டையே முதற்சான்றாக வைத்து, தெளிந்த படியை அதற்கு உரைபோல் அமைக்கிறார். மூலமும் உரையும் ஒருங்கே நிற்கும் பழந்தமிழ் நூல்மரபுக்கு இவ்வமைப்பு ஏற்புடையதே.

இந்நூல்மீது எழுப்பத்தக்க வினாவும் உண்டு. இடம்பெயர்ந்தோரின் நினைவு, கலைப்பதிப்பகம் ஒன்றின் அழகிய நூலாகி, கலைச் சேகரிப்பாளரின் பேழைக்குச் செல்லும்போது, அது யாருக்கு உரியது? வரி வாங்குவதற்காக எழுதப்பட்ட பழைய தோம்பும் மக்களின் நிலத்தைப் பிறர் கையேட்டில் வைத்ததே. இவ்வினாவுக்கு நூல் முழுவிடை அளிப்பதாகக் கூற இயலாது. தலைப்பில் உள்ள 'முழுமையுறாத' என்னும் அடை, அவ்வினாவைத் திறந்தே வைத்திருக்கிறது. எனினும் பதியாமல் விடுவது இதற்கு மாற்றாகாது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பதை நினைவுகொண்டால், அம்மண்ணிலிருந்து நூல் வடிவத்தையே கலையாகத் தேர்ந்த படைப்பொன்று எழுந்ததன் பொருள் விளங்கும்.

சேகரித்தோரும் சேகரித்த முறையும்

எழுத்தின் உருவை மதித்துச் சேகரித்தவர்கள் தமிழகத்திலும் இருந்தனர். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். நூல்களோடு இதழ்கள், நாடகத் துண்டறிக்கைகள், திரைப்படப் பாட்டுப் புத்தகங்கள், அழைப்பிதழ்கள் என அறிஞர் பலர் பொருட்படுத்தாத அச்சுத்தாள்களையும் அவர் திரட்டினார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. எழுத்தைக் கையால் வடிக்கும் தொழிலுடைய ஒருவர், துண்டறிக்கையிலும் காக்கத்தக்க ஒன்றைக் கண்டார் என்பது வெறும் தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை.

அமெரிக்காவில் ரூத், மார்வின் சாக்னர் இணையர் 1979இல் தொடங்கிய காட்சிக்கவிதைத் தொகுப்பு, எழுத்தை உருவாக்கும் படைப்புகளுக்கென்றே அமைந்தது. தனியார் இல்லத்தில் வளர்ந்த அத்தொகுப்பு 2019இல் அயோவா பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்தது. முத்தையாவின் சேகரிப்பும் சாக்னர் இணையரின் சேகரிப்பும் அளவிலும் வசதியிலும் வேறுபட்டவை. எனினும் தனிமனிதர் திரட்டியதைப் பல்கலைக்கழகம் ஏற்றுக் காத்தது என்பதில் ஒன்றுபடுகின்றன.

விருப்பத்தினால் அன்றிச் சட்டத்தினாலும் நூல்கள் காக்கப்படுவதுண்டு. நீரிணைக் குடியேற்ற அரசு 1886இல் இயற்றிய நூற்பதிவுச் சட்டம், அச்சிட்ட நூலின் படிகளை அரசிடம் ஒப்படைக்கச் செய்தது. அக்காலத் தமிழ் நூல்கள் சில இலண்டனில் பேணப்பட்டு இன்று ஆய்வாளர்க்குக் கிட்டுவதில் இதற்குப் பங்குண்டு. மலேசியாவில் 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம், அச்சு வெளியீடுகளைத் தேசிய நூலகத்திற்கு அளிக்கப் பணிக்கிறது. ஆயினும் ஒரே படியாக எழுதப்பட்ட கையெழுத்து இதழ் எந்தச் சட்டத்தின் வலையிலும் சிக்குவதில்லை. திருமண வாழ்த்துமடலை நூலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று எந்த அச்சகமும் எண்ணுவதில்லை.

ஜொகூரில் நாம் காக்க வேண்டியவை

ஜொகூரின் தமிழ்வாழ்வு பெரிதும் தோட்டங்களில் வளர்ந்தது. குளுவாங், சிகாமாட், லாபிஸ், கூலாய், கோத்தா திங்கி வட்டாரங்களில் ரப்பர் செம்பனைக்கு இடம்விட்டது. பின்னர்ப் பல தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் இடம்விட்டன. 2006இல் தொடங்கப்பட்ட இஸ்கந்தார் மேம்பாட்டுத் திட்டம் தென்ஜொகூரின் நில அமைப்பை மேலும் மாற்றியது. லயங்கள் இடிக்கப்படும்போது குடும்பங்கள் எடுத்துச் செல்வன சில. விட்டுச் செல்வன பல. விடப்படுவனவற்றுள் தாள்களே முதலிடம் பெறுகின்றன.

அத்தாள்களுள் எவை இங்கு நாம் பேசும் சேகரிப்புக்கு உரியவை? எல்லா அழைப்பிதழையும் கருத்துநிலைக் கலை என்று அழைப்பது பொருந்தாது. அவ்வாறு செய்தால் சொல்லும் மலியும், சேகரிப்பும் குவியலாகும். ஆகவே ஓர் அளவுகோலை முன்வைக்கிறோம். ஒரு தாளின் சொற்களை மட்டும் வேறொரு தாளில் பிழையின்றிப் படியெடுத்தால் அதன் பொருளில் ஏதேனும் குறைகிறதா? குறைகிறது எனில் அத்தாள் உருவுக்காகவும் காக்கத்தக்கது. கூட்டக் குறிப்பு ஒன்றைத் தட்டச்சு செய்தால் பெரும்பாலும் குறைவதில்லை. மணமக்களின் பெயர்களை அடிதோறும் பின்னி, பூங்கொடி வரைந்து, சட்டமிட்டு மாட்டப்பட்ட வாழ்த்துமடலில் பெரிதும் குறைகிறது. மாணவர் வண்ண மையால் தலைப்பெழுதிய கையெழுத்து இதழிலும் குறைகிறது. இலங்கைத் தமிழ்க் குடும்பங்களில் ஒருவர் மறைந்தபின் அந்தியேட்டி நாளில் வெளியிடப்படும் கல்வெட்டு என்னும் நினைவு நூலிலும், படமும் பாடலும் குலமுறையும் நிற்கும் வரிசையே பொருளின் பகுதி. கல்வெட்டுகளையும் நினைவு மலர்களையும் 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் பக்கப்படிமங்களாகவே பாதுகாத்து வருவது நமக்கு நல்ல முன்மாதிரி.

எழுத்துச் சீர்திருத்தத்தையும் இங்குக் கருத வேண்டும். தமிழக அரசு 1978இல் ஏற்ற சீர்திருத்தம் பின்னர் மலேசியாவிலும் வழக்கிற்கு வந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட இதழ்களில் ணை, லை, ளை, னை ஆகியன தும்பிக்கை போன்ற கொம்பு பெற்றும், ணா, றா, னா ஆகியன சுழித்த காலோடு ஒரே உருவாகவும் நிற்கும். அவ்விதழைக் கணினியில் தட்டச்சு செய்யும்போது இவ்வுருக்கள் இன்றைய வடிவத்துக்கு மாறிவிடுகின்றன. சொல் மாறவில்லை, ஆனால் தலைப்பெழுத்தை வரைந்த கை, அக்கொம்பின் வளைவைக் கொண்டு அமைத்த ஒழுங்கு கலைந்துவிடுகிறது. கட்டத்துக்கு ஓர் உரு என்று கணக்கிட்டு அமையும் சித்திரகவியில் இக்கலைவு இன்னும் வெளிப்படை.

ஜொகூரில் ஏறத்தாழ எழுபது தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஆசிரியர்கள் இப்பணியில் செய்யத்தக்கவை எளியவை. முதலில், தாளை முழுமையாக ஒளிப்படம் எடுத்தல். அட்டை, விளம்பரம், அச்சகப் பெயர், வெற்றுப் பின்பக்கம் எதையும் விடலாகாது. அடுத்து, யாரிடமிருந்து, எந்த ஊரில், எப்போது கிடைத்தது என்னும் குறிப்பை உடன் எழுதிவைத்தல். பியாடாசாவின் வெறுங்கூட்டுக்குப் பக்கத்துக் குறிப்பு பொருள் தந்தது போலவே, ஊர்பேர் அறியாத தாளுக்கும் அக்குறிப்பே உயிர் தரும். தட்டச்சுப் படி அதன்பின் வரலாம். பிழையென்று தோன்றுவதையும் திருத்தாமல் அவ்வாறே பெயர்த்தல் வேண்டும்.

நம் நாட்டின் ஈரக்காற்றும் கரையானும் இராமபாணப் பூச்சியும் தாளுக்குப் பகை. கம்பித் தைப்பு துருவேறித் தாளை அரிக்கும். இவற்றுக்கு அஞ்சிப் பலர் பழந்தாளுக்குப் பிளாஸ்டிக் உறை உருக்கிப் பூசிவிடுகின்றனர். அவ்வுறையைப் பின்னர்த் தாள் கெடாமல் நீக்குவது அரிது, ஒட்டுநாடாவும் அத்தகையதே. உலர்ந்த இடத்தில், அமிலமற்ற தாளுறையில் தட்டையாக வைப்பதே ஏற்ற முறை.

தோம்பு நூலின் வழியை வகுப்பறையிலும் மேற்கொள்ளலாம். தாம் வாழ்ந்த தோட்டத்தின் அமைப்பை மூத்தோர் நினைவிலிருந்து வரைந்து, லயம், ஆயாக் கொட்டகை, முனியாண்டி கோயில், பள்ளி என்று தம் கையாலேயே பெயரிடட்டும். மாணவர் அருகில் ஒரு தெளிந்த படியை வரையட்டும். இரண்டையும் ஒன்றாகத் தைத்து வைக்கட்டும். போரினால் ஊர் இழந்தோரின் துயரையும் தோட்டம் விற்கப்பட்டதால் இடம்பெயர்ந்தோரின் துயரையும் சமமென்று நாம் கூறவில்லை. பதிவுமுறை ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம் என்பதே நம் கருத்து. அவ்வாறு உருவாகும் நூல் ஒரே படியாக இருந்தாலும் அது ஓவியர் நூலே.

முடிவுரை

சித்திரகவி, பணிக்கரின் ஓவியம், சனாதனனின் தோம்பு ஆகிய மூன்றும் எழுத்துக்கும் உருவுக்கும் உள்ள உறவை மூன்று வகையில் காட்டின. மூன்றிலும் சொல்லைத் தாளிலிருந்து பிரித்தெடுத்தால் படைப்பு சிதைகிறது. ஆகவே இத்தகைய படைப்புகளைப் பொறுத்தவரை சேகரிப்பு என்பது ஆய்வுக்கு முந்தைய ஆயத்தம் மட்டுமன்று. படைப்பு இன்னது என்று தீர்மானிக்கும் திறனாய்வுச் செயலும் ஆகும். எதைக் காக்கிறோம் என்பதில் எதைப் படைப்பாகக் கருதுகிறோம் என்பது வெளிப்பட்டுவிடுகிறது.

1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019இல் நின்றுபோனபோது, அதன் பழைய இதழ்களின் நிலை குறித்துப் பலர் கவலையுற்றனர். நாளிதழுக்காவது படிகள் பல இடங்களில் உண்டு. லயத்துச் சுவரில் மாட்டிய வாழ்த்துமடலுக்கும் தோட்டப் பள்ளியின் கையெழுத்து இதழுக்கும் வேறு படி இல்லை. பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் இவற்றை ஏற்றுக்கொள்ளும் பெட்டகம் ஒன்றையேனும் அமைத்தல் வேண்டும். ஆசிரியர்கள் தம் பள்ளி அலமாரிகளின் அடித்தட்டிலிருந்து இப்பணியைத் தொடங்கலாம்.